உருண்டை ஏன் தண்ணீரில் படுத்திருந்தது?

“அப்பா, உருண்டை தண்ணிக்குள்ள உக்காந்திருக்கா.”

மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து சொன்னாள். உட்காருவதற்கு அதற்கு என்ன இருக்கிறது என்று கிண்டலடித்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நாலு சுற்றாகச் சுருண்டு, முகவாயை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. ஆறு வருடமாக வளர்க்கிறேன். பகல் வெளிச்சத்தில் அது தண்ணீரில் கிடந்து பார்த்ததே இல்லை.

உருண்டை ஒரு பால் பைத்தான், மலைப்பாம்பு வகை. பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் “பால் குடிக்குமா?” என்பார்கள். இந்தப் பால் அந்தப் பால் இல்லை, பந்து. மிரண்டால் தலையை நடுவில் பதுக்கிக்கொண்டு பந்துபோல் சுருளும் என்பதால் வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வாழும் இனம். நஞ்சு கிடையாது. எங்கள் உருண்டை பெண். எடை 1,450 கிராம். மகள் அதை “அவள்” என்பாள், எனக்கு “அது”தான் வாயில் வரும். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

இதன் அன்றாடம் எவ்வளவு அலுப்பானது என்று தெரிந்தால்தான் அந்தக் காலை எனக்கு ஏன் உறைத்தது என்று புரியும். பகல் முழுக்கப் பொந்துக்குள் தூக்கம். (தொட்டியின் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு பொந்து வைத்திருக்கிறேன். பொந்து என்பது கவிழ்த்துப்போட்ட ஒரு டப்பாவும் அதில் வெட்டிய வாசலும்தான்.) பொழுது சாய்ந்ததும் வாசலில் மூக்கு தெரியும். அரை மணி நேரம் மூக்கு மட்டும்தான். அப்புறம் தலை, அப்புறம் ஒரு சாண் உடல். இரவு பத்து மணிவாக்கில் முழுதாக வெளியே வந்து தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓர் எலி. தின்ற பிறகு நாலைந்து நாள் சூடான பொந்தை விட்டு அசையாது. அவ்வளவுதான் வாழ்க்கை. இப்படி ஒன்றுமே நடக்காத பிராணியிடம் சின்ன மாற்றம் தெரிந்தாலும் அது பெரிய செய்தி.

முதலில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு முந்தின வாரம் ஐந்து நாள் வெளியூர் போயிருந்தேன். சரி, கோபித்துக்கொண்டு இடம் மாறிப் படுத்திருக்கிறது போல என்று நினைத்தேன். பாம்பு கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். இருந்தாலும் இமையில்லாத அந்தக் கண்ணைப் பார்த்தால் நம் மனதில் இருப்பதை எல்லாம் அதில் எழுதிவிடத் தோன்றும். நாய் வளர்த்த பழக்கம் அது. நாய் வால் ஆட்டும், காதைத் தொங்கப்போடும், நம் முகத்தைப் பார்த்தே ஏதாவது சொல்லும். பாம்பிடம் முகபாவம் என்று ஒன்று கிடையாது. அதனிடமிருந்து நமக்குக் கிடைப்பது எங்கே இருக்கிறது, எப்போது இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றுதான்.

அடுத்த யூகம் சட்டை. இது நியாயமான யூகம்தான். சட்டை உரிப்பதற்கு முன் பல பாம்புகள் ஈரத்தைத் தேடும். எடுத்துப் பார்த்தபோது அடிவயிறு இளஞ்சிவப்பாக இருந்தது. பால் பைத்தான் உரிக்கத் தயாராகும்போது முதலில் தெரியும் அடையாளங்களில் அந்தச் சிவப்பும் ஒன்று. பிறகு உடலின் மினுமினுப்பு போய்ச் சாம்பல் படிந்தாற்போல ஆகும். அதற்கடுத்து கண் நீலம் பூக்கும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையே ஒரு திரவம் ஊறுவதால் வருவது அது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிபோன்ற செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழல வேண்டியது என்பதால், அந்த நாட்களில் பாம்புக்கு உலகமே மங்கல். சில நாளில் கண் மறுபடி தெளியும். புதிதாக வளர்ப்பவர்கள் சிலர் இந்தக் கட்டத்தில் “சரியாகிவிட்டது” என்று கையில் எடுப்பார்கள். உண்மையில் அதற்கும் சில நாள் கழித்துத்தான் மூக்கை எதிலாவது தேய்த்து, உதட்டோரம் கிழித்து, காலுறையைக் கழற்றுவதுபோல உள்புறம் வெளியாகச் சட்டையை விட்டு வெளியே வரும். எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் இரையைத் தொடாது, பொந்தை விட்டு வராது, கை போனால் சீறும். இவை எதுவும் நோய் இல்லை. கண் தெரியாதபோது யாராவது தொட்டால் நாமும் சீறத்தான் செய்வோம்.

ஆனால் உருண்டையைப் பற்றிக் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டியபோது உருண்டை மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒரே துண்டாகச் சட்டை உரித்திருந்தது. இந்த வயதில் இவ்வளவு சீக்கிரம் அடுத்தது வராது. கண்ணும் கறுப்பாகத் தெளிவாக இருந்தது. யூகம் அவுட்.

மூன்றாவது, உண்ணி. மைட் என்பார்களே, அது. பாம்புகளைப் பிடிக்கும் உண்ணி மிளகுத்தூள் அளவுதான் இருக்கும். கண்ணைச் சுற்றியும் முகவாய்க்கு அடியில் இருக்கும் பள்ளத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அந்த அரிப்பு தாங்காமல் பாம்பு தண்ணீரே கதியென்று கிடக்கும். சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். பாம்பை வெள்ளைத் துணியில் கொஞ்ச நேரம் விட வேண்டும், தண்ணீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி உதிர்ந்து கிடந்தாலோ, அந்தப் புள்ளி நகர்ந்தாலோ தீர்ந்தது கதை. துணியில் ஒன்றுமில்லை. பாத்திரத்தின் அடியிலும் ஒன்றுமில்லை.

இதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது. அந்த இரண்டு நாளில் மகள் ஒன்றைக் கவனித்தாள், நான் கவனிக்கவில்லை. “அவ தண்ணிலயே இல்லப்பா. போயிட்டுப் போயிட்டு வர்றா.” உண்மைதான். தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடக்கும், சூடான பொந்துக்குள் போகும், இருபது நிமிடத்தில் திரும்பி வரும். பகலிலேயே. பகலில் நடமாடாத பிராணி பகலில் ஷட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் குறைவு. இவர் கொஞ்சம் அதட்டலான ஆள்.

“சூடான பக்கம் எத்தனை டிகிரி?”

“32, டாக்டர். மீட்டர்ல பாத்துட்டுத்தான் பேசுறேன்.”

“மீட்டர் சொல்றது இருக்கட்டும் சார். தரை எவ்வளவு? பொந்துக்குள்ள, பாம்பு வயிறு படுற இடத்துல?”

அகச்சிவப்பு வெப்பமானி என்று துப்பாக்கிபோல ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிய புதிதில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் சுட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் போட்டது. எடுத்து, பொந்தைத் தூக்கி, தரையைக் குறிவைத்தேன். 43.

நடந்தது இதுதான். பத்து நாளுக்கு முன்பு நான்தான் தொட்டியைக் கழுவினேன். கண்ணாடிக்கு அடியில் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, இருக்கிறது. அதன் மேல் தரையில், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒட்டியிருக்கும். திரும்ப வைத்தபோது சென்சார் வயர் இழுபட்டு, மேட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஓரத்தில் சூடு குறைவு. அங்கே 32 வரும்வரை தெர்மோஸ்டாட் மேட்டைச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தில் 32 என்றால் நடுவில் 43. தெர்மோஸ்டாட்டின் மீட்டர் பொய் சொல்லவில்லை. தான் இருக்கும் இடத்தின் உண்மையைத்தான் சொன்னது. பாம்பு இருக்கும் இடத்தின் உண்மை வேறாக இருந்தது.

அப்படியானால் அது ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போனது? மூன்று நாளுக்கு முன்புதான் எலி தின்றிருந்தது. இரை விழுங்கிய பைத்தானின் உடலுக்குள் நடப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பர்மியப் பைத்தான்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், இரை தின்ற இரண்டு நாளுக்குள் அவற்றின் இதயத் தசை சுமார் 40 சதவீதம் பெருத்திருந்தது. அத்தனை வேலைக்கும் வேண்டிய சூட்டைப் பாம்பால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். குளிர்ந்த பக்கமே இருந்துவிட்டால் செரிக்காமல் இரையைக் கக்கவும் கூடும். ஆக, செரிக்கச் சூடு வேண்டும். சூட்டுக்குப் போனால் வயிறு சுடுகிறது. தண்ணீரில் ஆறிவிட்டு மறுபடி சூட்டுக்கு. உருண்டை இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான். நான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த இளஞ்சிவப்பும் சட்டைக்கானது இல்லை. உரிக்கும் முன் வரும் சிவப்பு வயிறு முழுக்க ஒரே சீராக இருக்கும். இது நடுவயிற்றில் திட்டுத்திட்டாக இருந்தது, இரண்டு செதிலின் விளிம்பு சுருங்கியிருந்தது. முதல் நாளே கையில் எடுத்தவன் நான். எதிர்பார்த்த காரணம் ஒன்று மண்டையில் இருந்ததால், கண் அதற்கேற்ற நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை விட்டுவிட்டது.

லேசான தீப்புண்தான் என்றார் டாக்டர். களிம்பு கொடுத்தார், அடியில் மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் காகிதம் விரிக்கச் சொன்னார், கூடவே கொஞ்சம் திட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

“பாம்பின் கால் பாம்பறியும்” என்பார்கள். இன்னொரு பாம்பாக இல்லாத நமக்கு வேறு வழி வேண்டுமே. அன்றிலிருந்து என் வழி ஒன்றுதான். உருண்டையிடம் ஏதாவது மாறினால் உருண்டையைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பார்ப்பேன். சூடான பக்கத் தரை 31 முதல் 33க்குள் இருக்கிறதா, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27க்குள்ளா, ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா, பொந்து உடலோடு ஒட்டுகிற அளவுக்குச் சின்னதாக இருக்கிறதா. நம் வீடு பெரிதாக இருந்தால் நமக்குச் சந்தோஷம். பால் பைத்தானுக்கு முதுகில் கூரை உரசினால்தான் நிம்மதி.

தொட்டியோடு நின்றுவிடக்கூடாது, தொட்டி இருக்கும் அறையையும் பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்டது வேறொரு சந்தர்ப்பத்தில். ஒருமுறை இரண்டு வாரம் உருண்டை மாலையில் மூக்கைக்கூட வெளியே நீட்டவில்லை. சூடு சரி, ஈரம் சரி, சட்டைக் காலமும் இல்லை. மகளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த ஸ்பீக்கர், தொட்டி இருக்கும் அதே மர அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. மாலை ஆறரைக்குப் பாட்டு ஆரம்பிக்கும். கூர்மையாகக் கேட்பவரைப் “பாம்புச் செவி” என்கிறோம். ஆனால் பாம்புக்கு வெளிக்காதும் இல்லை, செவிப்பறையும் இல்லை. 2012இல் பால் பைத்தான்களையே வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, காற்றில் வரும் ஒலி மண்டையோட்டை அதிரச் செய்வதைத்தான் அவை உணர்கின்றன என்று காட்டியது. அதிலும் நன்றாக உணர்வது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை, அதாவது பாட்டில் பேஸ் என்கிற கனத்த அடித்தொனி இருக்கும் இடம். அதோடு மரத்தட்டு வழியாகத் தாடைக்கு நேராக வரும் அதிர்வு வேறு. ஸ்பீக்கரை வேறு அறைக்கு மாற்றிய மூன்றாம் நாள் மூக்கு வெளியே வந்தது. மகளுக்கு என் மேல் வருத்தம்தான்.

பட்டினியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பால் பைத்தான் வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். நன்றாக இருக்கும் வளர்ந்த பால் பைத்தான் திடீரென்று இரையை மறுக்கும். வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் இதில் கெட்டிக்காரர்கள், பெண்களும் செய்யும். உருண்டை இரண்டாம் வருடம் நான்கு மாதம் சாப்பிடவில்லை. அப்போது தினமும் எலியைக் காட்டிக் காட்டி அதை இன்னும் மிரள வைத்தேன். இப்போது தராசை மட்டும் நம்புகிறேன். அந்த நான்கு மாதத்தில் 1,180 கிராமிலிருந்து 1,120க்கு வந்தது, ஐந்து சதவீதம். பத்தைத் தொட்டால் டாக்டரிடம் போகலாம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன், தொடவில்லை. ஒரு ராத்திரி ஒன்றுமே நடக்காததுபோல எலியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டது. உறைந்த எலியைக் கரைத்துக் கொடுப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எலியின் உடல் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், முக்கியமாகத் தலை. பால் பைத்தானின் உதட்டோரம் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகள் வெப்பத்தைப் “பார்ப்பவை”. 2010இல் வந்த ஆய்வின்படி அந்த வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் டிஆர்பிஏ1. நமக்குக் கடுகின் காரம் சுருக்கென்று ஏறுவதும் இதே வகைப் புரதத்தால்தான். ஆறிப்போன எலி அதன் உதட்டுக்கு எலியே இல்லை. உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும்.

தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத மாற்றங்களும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, தலையை நெட்டுக்குத்தாகத் தூக்கியே வைத்திருப்பது எல்லாம் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப்போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது என்பதால் சீக்கிரம் முற்றிவிடும். (உரிக்கும் சமயத்தில் மட்டும் மூக்குத் துவாரத்தில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு மெல்லிய விசில் சத்தம் வரலாம். சட்டை போனதும் அதுவும் போய்விடும்.) கழுத்தைப் பின்னால் மடக்கி வானத்தைப் பார்ப்பது, கவிழ்த்துப் போட்டால் திரும்பத் தெரியாமல் கிடப்பது நரம்புக் கோளாறு. அன்றைக்கே மருத்துவர். தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், வேறு பாம்புகள் இருந்தால் உடனே தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். ஸ்பைடர் என்ற நிற வகையில் பிறந்தவற்றுக்கு இதுபோன்ற தலையாட்டம் பிறவியிலேயே வரும். அழகாக இருக்கிறது என்பதற்காக அதைத் தொடர்ந்து இனப்பெருக்கம் செய்வது எனக்கு உடன்பாடில்லை.

இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது நடக்காத காரியம். அதனால்தான் நோட்டு. செல்போனில் செயலி எல்லாம் இருக்கிறது, போட்டுப் பார்த்தேன், மூன்றாம் வாரத்தோடு மறந்துபோனேன். தொட்டிமேல் நூலில் கட்டித் தொங்கும் நோட்டு மறக்காது. நேரம், எந்தப் பக்கம், உள்ளேயா வெளியேயா, தரைச் சூடு, இரை, கழிவு, சட்டை. மாதம் ஒருமுறை எடை. ஒரு வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம். “இன்று சோகமாக இருக்கிறது” என்றெல்லாம் எழுதக்கூடாது என்று இன்னொன்று.

தீப்புண் ஆறி, அதன்பின் இரண்டு சட்டை உரித்துவிட்டது உருண்டை. முதல் சட்டை அந்த இரண்டு செதில்களிடம் கிழிந்து சிக்கிக்கொண்டது. ஈரப்பாசி வைத்த டப்பாவுக்குள் ஒரு ராத்திரி விட்ட பிறகுதான் கழன்றது. இரண்டாவது முழுதாக வந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் செதிலின் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

நோட்டில் இப்போது இரண்டு கையெழுத்து. நேற்று இரவு 9.40க்கு மகள் எழுதியிருந்தாள்: “குளிர்ப் பக்கம். வெளிய. என்னயப் பாக்குறா.” சட்டம் சட்டம்தான் என்று கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, “தலை வாசலை நோக்கி. நாக்கு நிதானமாக நீட்டுகிறது” என்று திருத்தி வைத்தேன்.

காலையில் பார்த்தால் அதற்குக் கீழே: “அவ பாத்தா.”